அத்தியாயம் 9: மாவுக்கட்டுக் காலும் ஒன்றரை வயதும்

பிள்ளைக்குக் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறீர்கள் என்றால், இந்த அத்தியாயத்தை முழுக்கப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. அடுத்து வரும் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போய்க் கால்விரல்களைப் பாருங்கள். மீதியைப் பிள்ளை தூங்கிய பிறகு படித்துக்கொள்ளலாம்.

விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் முதல் நான்கில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே கிளம்புங்கள். கட்டுப் போட்ட இடத்துக்கே போவது நல்லது. அது தூரம் என்றால் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. வண்டி இல்லையா, 108. மற்ற மூன்றும் அன்றைய பொழுதுக்குள் காட்ட வேண்டியவை.

1. கால்விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கின்றன. அல்லது மற்றக் கால்விரல்களைவிடச் சில்லிட்டிருக்கின்றன.
2. காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து ஒரு மணி நேரம் ஆகியும் விரல் வீக்கம் வடியவில்லை, அல்லது கூடுகிறது.
3. உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினாலும் விரலில் அசைவே இல்லை.
4. மருந்து கொடுத்தும் அழுகை ஏறிக்கொண்டே போகிறது. தூக்கினாலும் பால் கொடுத்தாலும் அடங்கவில்லை. விரலை மெல்ல நிமிர்த்தினால் வீறிடுகிறது.
5. கட்டுக்குள்ளிருந்து கெட்ட நாற்றம், கசிவு, வெளியே தெரியும் புதுக்கறை.
6. சளி, இருமல் என்று காரணம் எதுவும் இல்லாமல் காய்ச்சல்.
7. கட்டு வெடித்திருக்கிறது, நசுங்கியிருக்கிறது, அல்லது வழுக்கி இறங்கி விரல்கள் உள்ளே மறைகின்றன.

நான்காவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். கட்டுக்குள் வீக்கம் கூடிப் பரவ இடமில்லாமல் போனால், உள்ளழுத்தத்தால் தசைக்கு ரத்தம் போவது தடைப்படும். சில மணி நேரத்துக்குள் கட்டைப் பிளந்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தசை நிரந்தரமாகக் கெடும். பெரியவர் என்றால் “கால் மரத்துப் போச்சு, உள்ளே இறுக்குது” என்று சொல்லிவிடுவார். ஒன்றரை வயதுக்கு அந்தச் சொற்கள் கிடையாது. நிலைகொள்ளாமல் துடிப்பதும், ஒரு வேளை மருந்துக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே பொறுக்க முடியாமல் அலறுவதும்தான் அதன் மொழி. விரல் நிறம் மாறுவது பல சமயம் கடைசியில்தான் தெரியும். ஆகவே விரல் சிவப்பாகத்தானே இருக்கிறது என்று சமாதானம் அடையாதீர்கள். அழுகை அடங்கவில்லை என்பதே போதுமான காரணம். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் நட்டம் ஆட்டோக் காசு மட்டும்தான்.

எந்த எலும்பு, எத்தனை வாரம்

நடை பழகும் வயதில், அதாவது 9 மாதத்திலிருந்து 3 வயதுக்குள், அடிக்கடி நேர்வது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் சுருளாக ஓடும் மெல்லிய விரிசல். டன்பார் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1964இல் கனடாவில் இதைத் தனியாக விவரித்து எழுதினார்கள். இதற்கு மாடியிலிருந்து விழ வேண்டியதில்லை. பாதம் ஊன்றியிருக்க, உடம்பு ஒரு பக்கம் திரும்பினால் போதும். ஈர டைல்ஸ் தரை, திண்ணைப் படி, கட்டிலிலிருந்து குதித்தது, பூங்காவில் அப்பா மடியில் உட்கார்ந்து சறுக்கும்போது செருப்பு ஓரத்தில் மாட்டிக்கொண்டது, இப்படித்தான் வரும்.

இந்த விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். பத்து நாள் கழித்து எடுக்கும் படத்தில் எலும்பு ஒட்டும் தடம் தெரியும். “படத்தில் ஒன்றுமே இல்லையாமே, பிறகு எதற்கு மாவுக்கட்டு?” என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். பதில் இதுதான்.

இந்த வகைக்கு வழக்கமாக 3 முதல் 4 வாரம். தொடை எலும்பு என்றால் இடுப்பையும் சேர்த்துப் போடும் ‘ஸ்பைகா’ கட்டு, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். சைக்கிள், பைக் சக்கரக் கம்பியில் கால் சிக்கியிருந்தால் எலும்போடு தோலும் சதையும் கிழிந்திருக்கும். அங்கே புண்ணை மறுபடி மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருப்பதால், எந்த நாளில் வரச் சொன்னார்களோ அந்த நாளைத் தவறவே விடாதீர்கள். பிறவியிலேயே பாதம் உள்பக்கம் வளைந்த குழந்தைகளுக்கு வாராவாரம் மாற்றிப் போடும் பொன்செட்டி முறைக் கட்டு வேறு விஷயம். இங்கே சொல்லும் விரல் சோதனையும் ஈரக் காப்பும் மட்டும் அதற்கும் பொருந்தும்.

ஆஸ்பத்திரியில் “எப்படி அடிபட்டது? யார் பக்கத்தில் இருந்தது?” என்று இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டால் கோபப்படாதீர்கள். வாய் பேசாத பிள்ளைக்கு எலும்பு முறிந்தால் அதைக் கேட்பது அவர்கள் கடமை.

வீடு திரும்புமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

ஓ.பி. சீட்டின் பின்பக்கமே போதும்.

1. போட்டிருப்பது மாவுக்கட்டா, ஃபைபரா? முழுக்கட்டா, வீக்கம் வடியும்வரைக்கான அரைக்கட்டா?
2. கால் ஊன்றலாமா? எந்த நாளிலிருந்து?
3. பிள்ளையின் எடை என்ன, வலி மருந்து எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை?
4. அடுத்த எக்ஸ்ரே என்றைக்கு? எலும்பு மருத்துவர் எந்தெந்தக் கிழமை ஓ.பி. பார்க்கிறார்?
5. ராத்திரியில் சந்தேகம் வந்தால் எங்கே வருவது?

காரைக்கால்காரர்களுக்கு இதில் இரண்டு உள்ளூர்ச் சிக்கல்கள். தெற்கே வாஞ்சூர், வடக்கே பூவம் தாண்டினால் தமிழ்நாடு. நாகப்பட்டினத்துக்கோ திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ போய்க் கட்டுப் போடுவதாக இருந்தால், அங்குள்ள முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்கானது என்பது நினைவிருக்கட்டும். உங்கள் புதுச்சேரி சிவப்பு, மஞ்சள் அட்டைக்கு அங்கே அது கிடைக்காது. ஆயுஷ்மான் அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இன்னொன்று: மறுபரிசோதனையைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளாதீர்கள். திருநள்ளாறு போகும் வண்டிகளுக்கு நடுவே வலிக்கும் காலோடு ஆட்டோவில் நகர்ந்து நகர்ந்து போவது பிள்ளைக்கும் உங்களுக்கும் தண்டனை. சனிப்பெயர்ச்சி வாரம் என்றால் சொல்லவே வேண்டாம்.

கட்டுக்குப் பொறுப்பு ஒருவர்

நம் வீடுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளுக்குப் பஞ்சமில்லை. பாட்டி, அத்தை, சித்தி, எதிர்வீட்டு அக்கா, சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வீடியோ அழைப்பில் யோசனை சொல்லும் அப்பா. ஆள் நிறைய இருப்பதுதான் சில சமயம் சிக்கலே. மருந்தை ஒருவர் கொடுத்தது தெரியாமல் இன்னொருவரும் கொடுப்பார். விரலை யாரோ பார்த்திருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, மருந்து கொடுத்த நேரம், விரல் பார்த்த நேரம் இரண்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எழுதாதது நடக்காதது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள், வரிசையாக

1. காயவிடுங்கள். ஃபைபர் கட்டு ஒரு மணி நேரத்துக்குள் இறுகிவிடும். மாவுக்கட்டு தொட்டால் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே காய 24 முதல் 72 மணி நேரம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த மேல் எல்லையையே கணக்கில் கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்று போதும். அடுப்பருகே கொண்டுபோவது, போர்வையால் மூடுவது, சூடான காற்று ஊதுவது எல்லாம் கூடாது. மாவு இறுகும்போது கட்டு வெதுவெதுப்பாக இருப்பது இயல்புதான்.

2. ஈர மாவுக்கட்டை உள்ளங்கையால் தாங்குங்கள். விரல் நுனியால் பிடித்தால் அங்கே குழி விழும். அந்தக் குழி உள்ளே தோலை அழுத்தி, சில நாளில் புண்ணாகும். கட்டின் குதிகால் பகுதியைத் தரையில் ஊன்றி வைப்பதும் இதே வேலையைச் செய்யும்.

3. உயர்த்தி வையுங்கள். பாதம் நெஞ்சின் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி, மடித்த பழம்புடவையோ தலையணையோ கெண்டைக்கால் நீளம் முழுக்கத் தாங்கட்டும். ரப்பர் ஷீட்டைக் கட்டுக்கு நேர் கீழே விரிக்காதீர்கள், ஈரம் வெளியேறாது. குதிகால் மட்டும் எதையும் தொடாமல் தொங்கலாக இருந்தால் நல்லது.

4. இரண்டு மணிக்கு ஒருமுறை பிள்ளையைத் திருப்பிப் படுக்க வையுங்கள். எல்லாப் பக்கமும் காயும்.

5. விரல் சோதனை. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, ராத்திரி ஒவ்வொரு முறை பால் கொடுக்க எழும்போதும். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். பிறகு தொட்டுப் பாருங்கள், மற்றக் காலோடு ஒப்பிடுங்கள், கிச்சுகிச்சு மூட்டி அசைவு பாருங்கள். முழுச் சோதனைக்கும் அரை நிமிடம் போதும். நகப்பூச்சு, மருதாணி இருந்தால் நிறம் ஏமாற்றும். கட்டுப் போட்ட காலில் கொலுசோ, மெட்டி மாதிரி ஆசைக்குப் போட்ட வளையமோ இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே கழற்றியிருக்க வேண்டும், விட்டுப்போயிருந்தால் இப்போது.

குறிப்பு: முதல் நாளே செல்பேசியில் விரல்களைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி குழல்விளக்கில் பார்த்துச் சந்தேகப்படும்போது ஒப்பிட உதவும்.

வலி மருந்து: மில்லியில் நடக்கும் தவறு

பாராசிட்டமால்தான் பொதுவாகக் கொடுப்பது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம் இடைவெளி விட்டால், ஒரு நாளைக்கு 4 வேளை. இது எல்லோருக்கும் தெரிந்த மருந்து என்பதாலேயே தவறும் அதிகம் நடக்கிறது.

மருந்துக் கடையில் இதே பெயரில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப் உண்டு, 5 மில்லிக்கு 250 உள்ள சிரப் உண்டு, 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தும் உண்டு. 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 250 சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் 1.5 மில்லி. போன தடவை காய்ச்சலுக்குக் கொடுத்த அதே அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் இரட்டிப்பாகவோ அதற்கு மேலோ போய்விடும். கடையில் வாங்கியதும் பாட்டிலின்மேல் “ஒரு வேளைக்கு இத்தனை மில்லி” என்று பேனாவால் எழுதுங்கள். கரண்டியால் அளக்காதீர்கள், ஊசியில்லாத சிரிஞ்சு வாங்குங்கள்.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. தாத்தாவின் மூட்டுவலி மாத்திரையில் கால் பங்கு என்ற யோசனையும் கூடாது. நாலைந்து நாளில் மருந்தின் தேவை குறைந்துகொண்டே வர வேண்டும். குறையவில்லை என்றால் மருந்தைக் கூட்டாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

ஈரம், மணல், எறும்பு

முதல் மூன்று நாள் கண்டம் தாண்டிய பிறகு கட்டைக் கெடுப்பது இவை மூன்றும்தான். கடலோரக் காற்றில் துணியே சரியாகக் காயாத ஊரில் கட்டுக்குள் போன ஈரம் எங்கே போகும்?

வியர்வையை முழுக்கத் தடுக்க முடியாது. பிள்ளையைக் காற்றோட்டமான கூடத்தில், பருத்தித் துணியில் படுக்க வையுங்கள். வெளியே மழையில் போக வேண்டியிருந்தால் கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைத் தளர்வாக மாட்டுங்கள். ரப்பர் பேண்டு போட்டு இறுக்காதீர்கள். உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். ஈரம் படும் என்று நாள் முழுக்கப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்தால் உள்ளே வியர்த்து அதைவிட மோசமாக நனையும். மாவுக்கட்டு நனைந்து மெத்தென்று ஆகிவிட்டால் அதற்கு வேலை முடிந்தது, மாற்ற வேண்டும். ஃபைபர் மேலே நனைந்தால் கெடாது. ஆனால் உள்ளே உள்ள பஞ்சு நனைந்தால் தோல் ஊறி உரியும். ஹேர் டிரையரின் குளிர்ந்த காற்றை ஓரத்திலிருந்து ஊதிப் பாருங்கள். சூட்டுக் காற்று வேண்டாம், தோல் வெந்துவிடும். அன்றைக்குள் காயவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

மணல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கட்டுப் பிரிக்கும்வரை காரைக்கால் கடற்கரை கிடையாது, வீடு கட்டக் கொட்டிய மணல் குவியலும் கிடையாது. ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனால், பிள்ளை காலை ஆட்டும் ஒவ்வொரு முறையும் அது தோலைத் தேய்க்கும். வாசலில் கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார வைத்தால் கோலமாவும் போகும். நாணயம், பட்டன், சோற்றுப் பருக்கை, கடலை எல்லாம் உள்ளே தள்ளப்படும். இந்த வயதுப் பிள்ளைக்குக் கட்டின் மேல் ஓரத்து இடைவெளி ஓர் உண்டியல். ஏதாவது போய்விட்டால் கம்பி விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள்.

பருக்கை போனால் பின்னாலேயே எறும்பு வரும். இந்த ஊர்ச் சிற்றெறும்புக்குப் பால் வாசனை ஒன்று போதும். பிள்ளைக்கு ஊட்டும்போது கட்டின் மேல் ஓரத்தையும் மடியையும் துண்டால் மூடுங்கள், ஊட்டியதும் உதறி எடுங்கள். கட்டில் கால்களின் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழைய வழி இப்போதும் நல்ல வழி. தவழும் தம்பி தங்கை இருந்தால் கிண்ணம் ஆழமில்லாததாக இருக்கட்டும். எறும்புச் சாக்பீஸ், எறும்புப் பொடி தரையில் ஊரும் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

நாள்தோறும் ஒருமுறை கட்டின் இரு ஓரங்களையும் முகர்ந்து பாருங்கள். லேசான வியர்வை வாடை இருக்கும், அது பரவாயில்லை. அழுகல் நாற்றம் பரவாயில்லை ஆகாது. அடுப்பு பற்ற வைப்பதற்கு முன் காலையில் முகர்வது நல்லது. கருவாடு வறுத்த வீட்டில் மூக்கை நம்ப முடியாது.

புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக மருந்து, டயப்பர், கைவிசிறி மூன்றையும் எடுத்து வையுங்கள். 2018 நவம்பர் 16இல் கஜா கரையேறியபோது இந்தக் கடற்கரை நெடுகச் சாய்ந்த மரங்களும் இருட்டும் யாருக்கும் மறந்திருக்காது. மறுபரிசோதனை அந்த வாரத்தில் வருகிறது என்றால் ஒரு நாள் முன்னதாகப் போய்வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

டயப்பரும் குளியலும்

கட்டு தொடை வரை இருந்தால் சிறுநீர்தான் முதல் எதிரி. கோமணத் துணி இந்த வாரங்களுக்கு வேண்டாம். துணி ஈரத்தை உறிஞ்சிக் கட்டின் ஓரத்துக்கே கொண்டு சேர்க்கும். டயப்பர் செலவுதான், ஆனால் கட்டு மாற்றும் செலவை எண்ணிப் பாருங்கள்.

1. டயப்பரின் ஓரம் கட்டின்மேல் ஏறி உட்காராமல் தோலை ஒட்டியே நிற்கட்டும்.
2. பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை, ராத்திரி ஒரு தடவையாவது மாற்றுங்கள். மலம் போனால் அந்த நிமிடமே.
3. ஸ்பைகா கட்டு என்றால் இரண்டு டயப்பர்: சிறிய அளவு ஒன்றைக் கட்டின் திறப்புக்குள் ஓரங்கள் செருகி வைத்து, அதன்மேல் பெரிய அளவு ஒன்றை வெளியே சுற்றிக் கட்டுங்கள்.
4. படுக்கும்போது தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருந்தால் சிறுநீர் முதுகுப் பக்கம் கட்டுக்குள் ஓடாது.
5. கட்டின் மேல் ஓரத்தில் நீர் புகாத மருத்துவ டேப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, பாதி வெளியேயும் பாதி உள்ளே மடிந்தும் வரும்படி ஒட்டித் தரச் சொல்லுங்கள். கட்டுப் போடும் பணியாளர்களுக்கு இது தெரியும்.

குளியல் என்பது ஈரத் துணியால் துடைப்பதுதான். தலைக்கு ஊற்ற வேண்டுமானால் ஒருவர் பிள்ளையை மடியில் மல்லாத்திக் கட்டைத் துண்டால் சுற்றிப் பிடிக்க, இன்னொருவர் தலையை மட்டும் பாத்திரத்துக்கு மேல் சாய்த்துக் கழுவலாம். எண்ணெய்க் குளியல் இல்லை. தொடையில் தேய்த்த எண்ணெய் உள்ளே இறங்கிப் பஞ்சில் ஊறினால் பிறகு போகவே போகாது.

அரிக்கும்போது

இரண்டாம் வாரம் அரிப்பு தொடங்கும். பின்னல் ஊசி, துடைப்பக் குச்சி, ஸ்கேல், பேனா எதையும் உள்ளே விடாதீர்கள். கீறல் விழும், கண்ணுக்குத் தெரியாமல் சீழ் பிடிக்கும். முகப்பவுடர் கொட்டுவதும் தவறு. வியர்வையில் குழைந்து கட்டியாகும். கட்டின்மேல் விரலால் தட்டுங்கள், ஓரத்தில் குளிர்காற்று ஊதுங்கள், மற்றக் காலை வருடிக் கொடுங்கள். பெரும்பாலும் இதற்கே மறந்துவிடும். விடாமல் ஒரே இடத்தைக் காட்டி அழுதால் உள்ளே புண் இருக்கலாம்.

தூக்குவது, தூங்குவது, போய்வருவது

தூக்கும்போது ஒரு கை பிட்டத்துக்குக் கீழே, இன்னொரு கை கட்டுக்குக் கீழே. கக்கத்தில் பிடித்துத் தூக்கினால் கட்டின் கனம் முழுக்க முறிந்த இடத்தில் தொங்கும். ஸ்பைகாவில் இரு கால்களுக்கும் நடுவே குறுக்குக் கம்பி இருந்தால் அது பிடி அல்ல. அதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தூக்குகிறவரும் முழங்கால் மடக்கிக் குனியுங்கள், உங்கள் இடுப்பும் சில வாரம் தாங்க வேண்டும்.

தூளியில் தூங்கிப் பழகிய பிள்ளையா? கட்டுப் பிரியும்வரை தூளி வேண்டாம். கட்டின் கனத்தில் துணி ஒரு பக்கம் சாயும், பிள்ளை சரியும், விரல்களும் கண்ணில் படாது. தரையில் பாயும் மெத்தையும் போட்டுப் பக்கத்தில் படுத்துத் தட்டிக் கொடுங்கள். இரண்டு மூன்று ராத்திரி ஆர்ப்பாட்டம் இருக்கும். கட்டிலில் தனியாக விடாதீர்கள். கட்டோடு புரள முடியாது என்று நினைக்கிறோம், புரளும்.

கால் ஊன்ற அனுமதி வந்ததும் பிள்ளை நீங்கள் சொல்லிக் கொடுக்காமலே ஒரு வழி கண்டுபிடிக்கும். சிலது பிட்டத்தால் நகரும், சிலது கட்டை இழுத்துக்கொண்டு தவழும். டைல்ஸ் தரையில் ஃபைபர் கட்டு வழுக்கும், ஆகவே கட்டுக்கான செருப்பு கிடைக்குமா என்று கேளுங்கள், அல்லது பாய் விரித்த அறையில் மட்டும் விடுங்கள். மாடிப்படியை அடைத்து வையுங்கள். நல்ல காலின் குதியையும் முழங்காலையும் அவ்வப்போது பாருங்கள். எல்லாத் தள்ளலும் அதன்மேல்தான், தோல் உரிந்திருக்கும். அண்ணன் அக்காவுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தக் கால் வீசினால் மண்டை புடைக்கும்.

இரு சக்கர வாகனத்தில் ஏற்றாதீர்கள், டி.ஆர். பட்டினத்திலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிடம்தானே என்றாலும். ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்து, கட்டுக்கால் வெளியே நீளாமல் மடியில் குறுக்காக வையுங்கள். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தால் இந்த ஒரு வருடம் வாசலில் நின்று பார்த்தால் போதும். மாங்கனி பிடிக்கத் தாவும் கூட்டத்துக்கு நடுவே கட்டுக்காலுக்கு வேலையில்லை.

பத்தும் மூங்கில் சிம்பும்

“உளுந்தும் முட்டை வெள்ளைக்கருவும் அரைத்துப் பத்துப் போட்டால் ஒரே வாரம்” என்று ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். ஆந்திரத்தின் புத்தூர்க் கட்டு இங்கேயும் தெரிந்த பெயர். பெரியவர்கள் அக்கறையில் சொல்வதை முகத்தில் அடித்த மாதிரி மறுக்க வேண்டாம். “சரிங்கத்தை, கட்டுப் பிரிக்கட்டும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்” என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

என் கருத்தை ஒளிக்கவில்லை. குழந்தையின் எலும்பு தானாகவே வேகமாக ஒட்டும். அதனால் எந்தக் கட்டு போட்டாலும் பலன் தெரியும், பேரும் கிடைக்கும். ஆபத்து பத்தில் இல்லை, அதன்மேல் சிம்பு வைத்து இழுத்துக் கட்டும் கயிற்றில் இருக்கிறது. எக்ஸ்ரே இல்லாமல், வீங்கும் காலை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று பாதத்தையே இழக்க நேரலாம். மாவுக்கட்டைப் பாதியில் பிரித்துவிட்டு அங்கே போவது இரண்டு வைத்தியத்தையும் கெடுக்கும்.

சாப்பாடு

இதற்கு நீளமான பட்டியல் தேவையில்லை. பால், தயிர், கேழ்வரகுக் கூழ், முட்டை, முள்ளோடு மசித்த நெத்திலி, முருங்கைக் கீரை. வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடட்டும். ஆட்டுக்கால் சூப் கொடுக்கலாம், ருசிக்காக. சுண்ணாம்புச் சத்து அதில் நினைக்கிற அளவு இல்லை. அசைவு குறைவதால் மலச்சிக்கல் வரும். தண்ணீர், வாழைப்பழம், பப்பாளி கூடக் கொடுங்கள். ஸ்பைகா கட்டில் ஒரே வேளையாக வயிறு முட்ட ஊட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை ஊட்டுங்கள். கட்டு வயிற்றை விரிய விடாது.

கட்டுப் பிரிக்கும் நாள், அதற்குப் பிறகு

கட்டு வெட்டும் கருவி பெரிய சத்தம் போடும். அதன் வட்டத்தகடு சுழலாது, இடமும் வலமும் அதிரும். கெட்டியான கட்டை வெட்டும், மெத்தென்ற தோலை எளிதில் வெட்டாது. ஆனால் தகடு சூடேறும். பிள்ளை திடீரென்று துடித்து அழுதால் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள். மடியில் உட்கார வைத்து, காதைப் பொத்தி, பிடித்த பாட்டைச் செல்பேசியில் ஓடவிடுங்கள். வீட்டில் கத்தியாலோ கத்தரியாலோ தண்ணீரில் ஊறவைத்தோ நீங்களே பிரிக்கப் பார்க்காதீர்கள்.

உள்ளிருந்து வரும் கால் உங்களைத் திடுக்கிட வைக்கும். மெலிந்து, செதில் செதிலாக, முடி அடர்ந்து, வாடையோடு இருக்கும். எல்லாம் சரியாகிவிடும்.

1. வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெல்லத் துடையுங்கள். பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்க வேண்டாம். செதில் சில நாளில் தானே உதிரும்.
2. தேங்காய் எண்ணெய் தடவலாம். உருவி விடுவது, நீவுவது, சுளுக்கு எடுப்பது கூடாது.
3. நடக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சில நாள் தவழும், பிறகு நிற்கும், பிறகு காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும். இந்த வயதில் தனிப் பயிற்சி பெரும்பாலும் தேவைப்படாது, விளையாட்டே போதும்.
4. ஓட்டம், குதி, சறுக்குமரம் எல்லாம் மருத்துவர் சொன்ன பிறகு.

சாய்ந்த நடை வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வர வேண்டும். மூன்று நான்கு வாரம் ஆகியும் குறையவில்லை, பாதம் ஒரு பக்கம் திரும்பியே நிற்கிறது, அல்லது நடந்துகொண்டிருந்த பிள்ளை மறுபடி காலை ஊன்ற மறுக்கிறது என்றால் திரும்பக் காட்டுங்கள். போகும்போது முதல் எக்ஸ்ரேயையும் ஓ.பி. சீட்டையும் எடுத்துப் போங்கள். கட்டுப் பிரித்தாயிற்று என்று அவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதே கால் இன்னொரு நாள் அடிபட்டாலும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பழைய படத்தைத்தான்.